ஓட்டை ரேடியேட்டரோடு ஒரகடம் வரை

என்னைத் துணைக்குத்தான் கூப்பிட்டார்கள். மலேசியாவில், கிள்ளானில் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சென்னையில் வந்து இறங்கினால், தம்பி மனைவி சுமதி ஒரு பழைய வெள்ளைக் காரோடு நிற்கிறாள். எங்கள் பக்கம் காரைக் காடி என்போம். இந்தக் காடியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணி, கதவை மெதுவா சாத்துங்க. கையோட வந்துடும்," என்றாள். மெதுவாகச் சாத்தினேன், சாத்திக்கொள்ளவில்லை. ஓங்கிச் சாத்தினேன், சாத்திக்கொண்டது. அந்த நிமிடமே எனக்கு அந்தக் காரைப் பிடித்துப்போய்விட்டது.

தம்பிக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியுமோ என்னவோ. சுமதி மணிமங்கலத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறாள். பல வருடமாக லைனில் நிற்கிறாள். "அங்க என்னம்மா செய்றீங்க?" என்று வழியில் கேட்டேன். "பீஸு அண்ணி. அலுமினியத்துல வரும், பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புவோம்." எதற்கான பீஸ்? "வண்டிக்கு." அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் இருக்கிறது. ஒருத்தர் கதவு, ஒருத்தர் கண்ணாடி, ஒருத்தர் சீட்டுக்கு அடியில் போகிற கம்பி. முழுக் காரைச் செய்கிற ஆளை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை.

அவளை இப்போது லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், கம்பெனி பஸ் ஷிஃப்ட் ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் கொண்டுபோய்த் தள்ளும். லீடர் அதற்கு முன்னாலேயே போய், முந்தின ஷிஃப்ட் ஆளிடம் கணக்கு வாங்கி நிற்க வேண்டும். ஸ்கூட்டரில் போகலாமே என்றால், போன வருடம் படப்பை ரோட்டில் ஒரு டிரெய்லர் ஓரங்கட்டியதில் விழுந்து காலில் தகடு வைத்திருக்கிறாள். இனி இரண்டு சக்கரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே, கார் ஓடினால் வேலை, ஓடாவிட்டால் "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் லைனில் நிற்க வேண்டும். அவளுக்குக் கீழே வேலை பழகிய ஒரு பையன் அந்த இடத்துக்குத் தயாராக நிற்கிறானாம்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். காலையில் ஒத்திகை போய்வரலாம் என்று கிளம்பினோம். அவள் ஓட்ட, நான் பக்கத்தில். நான் கிள்ளானில் வருடக்கணக்காகப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அடுத்தவர் ஓட்டும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்வது எனக்குப் பெரிய தண்டனை. இருந்தாலும் உட்கார்ந்தேன். படப்பை தாண்டியதும் இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர், கம்பெனிச் சுவர், நடுவில் ஒரு டீக்கடை, மறுபடியும் கம்பெனிச் சுவர். ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுமதி, "அண்ணி, ஹீட் ஊசி மேல போவுது," என்றாள். நான் பார்ப்பதற்குள் முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பி ரோடே தெரியவில்லை.

ஓரமாக நிறுத்தினோம். அப்போது பார்த்து ஒரு பெரிய லாரி, புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு எங்களை ஒட்டிப் போனது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு லாரி, அதிலும் கார்கள். எங்கள் கார் பானெட்டைத் தூக்கிக்கொண்டு புகைந்தபடி நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "போ, போ, நீயும் ஒருநாள் இங்கதான் வந்து நிக்கணும்," என்று லாரியைப் பார்த்து உரக்கவே சொன்னேன்.

டீக்கடைக்காரர் குடத்தோடு ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "ரேடியேட்டர் வாயப் பொளந்துகினு கீதும்மா. மேல் டேங்க்ல இம்மாந்நீளம் கோடு," என்றார். கடை பெஞ்சில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துப் போகிற லாரிகளை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரருக்கு அவர்கள் பாஷை கொஞ்சம் தெரியும். "அவங்கம்மாவுக்குக் காட்றான், இதெல்லாம் நான் செஞ்ச வண்டின்னு," என்றார். போன் திரும்பியபோது எங்கள் காரும் அதில் விழுந்திருக்கும் போல. அந்தப்பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. பையன் முகம் சிவந்துபோய் அவசரமாக ஏதோ சொன்னான். "இன்னா கேட்டாங்க?" என்றாள் சுமதி. "இதுவும் நீ செஞ்சதாப்பான்னு கேக்கறாங்க," என்றார் டீக்கடைக்காரர். சுமதிக்கு அழுகை வரவேண்டிய நேரம். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விரிசல் விட்ட ரேடியேட்டரை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டலாம். ரேடியேட்டர் மூடியைத் தளர்த்தி வைத்து, ஆவி அடைபடாமல் பார்த்துக்கொண்டு, ஊசி ஏறும்போது நிறுத்தி ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் போக வேண்டும். வேன் காலத்தில் நான் இதைச் செய்திருக்கிறேன். ஒரு தண்ணீர் கேனை வாங்கிப் பின்சீட்டில் போட்டு, ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். ஒரகடத்துக் கூட்டுரோடு வரைக்கும் போவதற்குள் மூன்று டீக்கடைகளின் உபசாரம் கிடைத்தது. ஒன்றில் வடகறியும் இட்லியும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் தின்று பழகிய நாக்குக்கு அந்த வடகறி சொர்க்கம். கார் ஆறட்டும் என்ற சாக்கில் இன்னொரு தட்டும் வாங்கிக்கொண்டேன்.

கூட்டுரோட்டருகே ஒரு பளபளப்பான சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, ஏசி, இலவசக் காப்பி. கழுத்தில் அட்டை தொங்கிய தம்பி காரைச் சுற்றி வந்தார். "பிளாஸ்டிக் டேங்க்லாம் ரிப்பேர் பண்ண மாட்டோம் மேடம். முழுசா மாத்தணும். ஆனா இந்த மாடலுக்கு பார்ட் வர்றது நின்னு போச்சு."

"அப்ப என்ன செய்யறது?"

"புது வண்டி பாக்கறீங்களா மேடம்?"

எங்கள் நாட்டில் பழைய ஜப்பான் கார்களைப் பாதியாக அறுத்து, முன்பாதி தனி, பின்பாதி தனி என்று கடை போட்டு விற்பார்கள். எந்தக் காலத்து வண்டிக்கும் எதையாவது தோண்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கே திரும்பின பக்கமெல்லாம் கார் செய்கிறார்கள், ஒரு காரை ஓடவைக்க வழியில்லை என்கிறார்கள். இது என்ன கூத்து என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன். அவர் பாவம், இன்னொரு காப்பி கொடுத்தார்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றி ஊற்றி வீடு வந்து சேர்ந்தபோது சுமதியின் அண்ணன் செல்வம் வாசலில் காத்திருந்தார். பக்கத்துத் தெருவில்தான் வீடு. பெரிய கார் கம்பெனியில் நிரந்தர வேலை, கம்பெனிச் சலுகையில் வாங்கிய புதுக் கார். கெட்ட மனிதர் இல்லை. தங்கை விழுந்து கிடந்தபோது ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் அலைந்தவர் அவர்தானாம். அதனாலேயே அவள் விஷயத்தில் கடைசி வார்த்தை தன்னுடையது என்று நினைக்கிறார்.

"ஞாயித்துக்கெழம ஸ்கிராப்புக்காரன் வருவான், எடுத்துக்கினு பூடுவான். சொல்லிட்டேன்," என்றார். "லீடரும் வேணாம் ஒண்ணும் வேணாம். விடியறதுக்கு முன்னாடி தனியா அந்த ரோட்ல ஒரு பொம்பள, இந்த டப்பாவ ஓட்டிக்கினு... நடுவுல நின்னா யாரு வருவா? எழுதிக் குடுத்துடு சுமதி."

சுமதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கார் என் தம்பியோடது, வேலை அவளோடது. இதுல நீங்க எங்க சார் வர்றீங்க?" என்றேன். "அக்கா, நீங்க ஒரு மாசத்துல பிளைட் ஏறிடுவீங்க," என்றார் அவர். அது உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை சுமதி கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாள். நான் தெருவில் போவோர் வருவோரையெல்லாம் ரேடியேட்டர் பார்க்கிற ஆள் உண்டா என்று விசாரித்தேன். கோயில் பக்கம் பூ விற்கிற அம்மாதான், தன் மருமகன் லாரிக்குப் படப்பையில் ஒரு பாய் கடையில் பார்ப்பார்கள் என்று வழி சொன்னாள்.

சனிக்கிழமை சுமதிக்கு விடுப்பு. மறுபடியும் கேன், தண்ணீர், நின்று நின்று பயணம். பாய் கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, சுவரெல்லாம் செத்துப்போன ரேடியேட்டர்கள். பாய் எங்கள் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நம்மள்து லாரி வேலைம்மா. பித்தளைன்னா ஈயம் வச்சி அடச்சிடுவேன். பிளாஸ்டிக்க நான் தொடறதில்ல. போட்டுக் குடுத்தா நாலு நாள்ல ஒழுவுது, வந்து சண்ட போடறாங்கோ."

"மேல் டேங்க் மட்டும் வேற கிடைக்காதா பாய்?" என்றேன்.

"கெடைக்கும். அதோ, அந்தக் குமிச்சல்ல இதே மாடல் ஒண்ணு கீது, அடி அரிச்சிப் போச்சி, மேல நல்லா கீது. மாத்தறதுக்கு ஆளு வேணுமே. நான் மாட்டேன்."

சரி, சேற்றையாவது கழுவிக் கொடுங்கள், வேறு எங்காவது கொண்டுபோகிறோம் என்றேன். பாய் தண்ணீரைப் பீச்சிக் கழுவி மேசைமேல் படுக்கவைத்தார். சேறும் பூச்சியும் போய் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. மேசைப்பக்கம் வந்த சுமதி அப்படியே நின்றாள். கை தானாக நீண்டு அதன் விளிம்பைத் தடவியது.

"அய்யய்யோ அண்ணி! இது நம்ம பீஸு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நம்ம பீஸு அண்ணி! லைன்ல வருமே, அதான் இது! நான் போடற மூடி இதான்!"

எத்தனை வருடம் ரேடியேட்டர் செய்திருக்கிறாள்! தன் காரில் முன்பக்கம் அழுக்காக நிமிர்ந்து நின்றது அதுதான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்ததெல்லாம் புதுசாக, படுத்த வாக்கில், கன்வேயரில் வருவது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாய் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கு வெட்கம் கொஞ்ச நேரம்தான். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாய், நீங்க தொட வேணாம். எடமும் பிளையரும் மட்டும் குடுங்க. நானே போடறேன்."

அவள் மூடி என்கிறது இந்த மேல் டேங்கைத்தான். அதன் விளிம்பைச் சுற்றி அலுமினியத்தில் சின்னச் சின்னப் பற்கள் மடங்கிப் பிடித்திருக்கும். அவற்றை நிமிர்த்தி, பழைய டேங்கை எடுத்து, நடுவில் புது ரப்பர் வளையம் வைத்து, வேறு டேங்கை உட்காரவைத்து, பற்களை மறுபடி மடக்க வேண்டும். லைனில் இதை ஒரு இயந்திரம் ஒரே அழுத்தில் செய்துவிடுமாம். இவள் வேலை டேங்கை வைத்துவிட்டு இரண்டு பட்டனை அமுக்குவது. பிளையரால் ஒரு பல்லைக்கூட மடக்கியதில்லை. முதல் பல்லிலேயே கை வழுக்கி விரலைக் கிழித்துக்கொண்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பல்லுக்குப் போனாள். மதியம் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அவள் பங்கையும் பாதி நான்தான் சாப்பிட்டேன், அப்படி ஒரு பிரியாணி.

கடைசிப் பல் மடங்கியதும் பாய் அதைத் தொட்டியில் முக்கிக் காற்றடித்தார். ஒரு மூலையில் குமிழி வந்தது. சுமதி அந்த மூலையை இறுக்கினாள். மறுபடி முக்கினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாய் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, "மாஷா அல்லா," என்றார். நான் சுமதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

காரில் மாட்டப் போனபோதுதான் தெரிந்தது. தண்ணீர்க் குழாய் சேருகிற வாய் எஞ்சினின் இந்தப் பக்கம் வரவேண்டும். அது அந்தப் பக்கம் இருந்தது. டேங்கையே திருப்பிப் போட்டிருக்கிறாள்.

சுமதி வெளுத்துப் போனாள். "எங்க லைன்ல லெஃப்ட்லதான் அண்ணி வரும். கை அப்படியே வச்சிருச்சி."

"கழட்டித் திருப்பிப் போடு," என்றேன்.

பாய் குறுக்கே கையை நீட்டினார். "தாயே, வேணாம். அலுமினியப் பல்லு. ஒருவாட்டி தொறந்து மூடியாச்சி. மறுபடி தொறந்தா பொட்டுப் பொட்டுன்னு ஒடஞ்சி பூடும்."

சுமதி கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். "இத மாரி ஒண்ணு லைன்ல வந்துச்சின்னா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போட்டுடுவோம். லீடர் ஆவப்போறவ போட்ட மொத பீஸே ரிஜெக்ட்டு. அண்ணன் சொன்னதுதான் சரி."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ரிஜெக்ட்டாவது மண்ணாங்கட்டியாவது! ஒழுகுதா? ஒழுகலைல்ல? வாய் அந்தப் பக்கம் இருந்தா குழாய அந்தப் பக்கம் கொண்டு போ! இது என்ன உங்க கம்பெனியா, ஸ்டிக்கர் ஒட்ட?" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாய் உள்ளே போய், லாரி ரப்பர் குழாய்களில் நீளமான ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எஞ்சின்மேல் படுத்துக் கிடந்தது. விசிறியில் சிக்காமல் இருக்க, தண்ணீர் கேனைக் கட்டியிருந்த என் விமானப் பெட்டிப் பட்டையை அவிழ்த்து இழுத்துக் கட்டினேன். பார்க்க அசிங்கம்தான். சாவியைத் திருப்பினோம், ஊசி பாதிக்கு வந்து நின்றது. அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது செல்வம் ஸ்கிராப்புக்காரரோடு வந்தார். வந்தவர் காரைத் தட்டிப் பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்தார். குறுக்கே கிடந்த குழாயைப் பார்த்துச் சிரித்துவிட்டார். செல்வமும் எட்டிப் பார்த்தார். "இன்னா இது? தலகீழா மாட்டிக்கீறாங்க? எவன் பண்ணது?"

"நான்தான்," என்றாள் சுமதி. கையில் கரண்டியோடு வந்து நின்றாள். விரலில் கட்டு. "தப்பாத்தான் போட்டேன். ஆனா ஒழுவல. இவர அனுப்பிடுண்ணா."

"நாளைக்கு நடுரோட்ல நின்னா?"

"நின்னா நிக்கட்டும். எறங்கித் தண்ணி ஊத்திக்கினு போவேன். அதுக்கு மேலயும் நின்னா நடந்து போவேன். எழுதி மட்டும் குடுக்க மாட்டேன்."

அந்த ஸ்கிராப்புக்காரர் நல்ல மனிதர். செல்வத்தின் முகத்தை ஒருமுறை பார்த்தார், சுமதியின் கரண்டியை ஒருமுறை பார்த்தார். "அப்புறம் வரேங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வம் சாப்பிடாமல் போய்விட்டார். அவருக்கென்று எடுத்து வைத்த கறியைச் சுமதி ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டு அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை நான் அவளுக்கு முன்னால் எழுந்து, குளித்து, சேலை கட்டி, தண்ணீர் கேனை நிரப்பிப் பின்சீட்டில் வைத்து, முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குத்தானே வந்திருக்கிறேன். சுமதி கம்பெனிச் சட்டையில் வந்தாள். ஓட்டுகிற பக்கம் ஏறாமல், சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, எறங்குங்க."

"ஏன்?"

"நீங்க வந்தா நான் பயப்பட மாட்டேன். அடுத்த மாசம் யாரு வருவா?"

நான் அவளை முறைத்தேன். அவளும் முறைத்தாள். இறங்கினேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். அவள் போய்விட்டாள்.

வாசலிலேயே நின்றேன்.  கொஞ்ச நேரத்தில் செல்வத்தின் புதுக் கார் வந்து நின்றது. தூக்கக் கலக்கத்தோடு இறங்கினார். "வண்டி எங்க? நீங்க இங்க கீறீங்க?"

"போயிட்டா. தனியா."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் கிளம்பிப் போகவா என்றார், வேண்டாம் என்றேன். போன் போடவா என்றார், ஓட்டும்போது எடுக்க மாட்டாள் என்றேன். காப்பி கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.  அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தெருவில் பால்காரர் வந்து போன பிறகு என் போன் அடித்தது. அவருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன்.

"அண்ணி, வந்துட்டேன். ஊசி பாதியிலதான் கீது. கேட்ல செக்யூரிட்டி நிறுத்தி, லீடருங்க வண்டிதான் உள்ள போவும், டிரைவருங்க வெளிய போடணும்மான்னான். டிரைவரும் நான்தான், லீடரும் நான்தான், கேட்டத் தொறன்னேன். தொறந்துட்டான். வெச்சிடறேன், லைன் ஸ்டார்ட் ஆவுது."

செல்வம் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து போய்க் காரின் முன்சீட்டிலிருந்து எதையோ எடுத்து டிக்கிக்குள் தள்ளி மூடப் பார்த்தார். நான் விடவில்லை, போய்ப் பார்த்தேன். வண்டியைக் கட்டி இழுக்கிற நைலான் கயிறு. புதுசு, சுற்றியிருந்த தாள்கூடப் பிரிக்கவில்லை.

"நின்னா இழுத்துக்கினு வரலாம்னு..." என்றார்.

"நல்ல கயிறா இருக்கே, இப்படிக் குடுங்க," என்று வாங்கிக்கொண்டேன். மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவரையே இழுத்துக் கட்டச் சொன்னேன், கட்டிக் கொடுத்தார். இப்போது அதில்தான் என் சேலைகளும் சுமதியின் கம்பெனிச் சட்டையும் காய்கின்றன.